ஒரே ஆள் பேசிய பொதுமொழி

கொடைக்கானல் குளிரில் காய்கறி சீக்கிரம் அழுகாது, ஆகவே யோசனையும் அழுகாது என்று சென்னையில் யாரோ ஒரு பெரிய அதிகாரி முடிவு கட்டினார். அந்த முடிவின் பலனாக, 1958-ம் வருஷம் சித்திரை மாதம், ஏரிக்குக் கிழக்கே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி விட்டுவிட்டுப் போன பங்களாவில் ‘மலைநாட்டுப் பொதுமொழி ஆக்கச் சபை’ திறந்து வைக்கப்பட்டது.

நாடெங்கும் அப்போது மொழிச் சண்டை. இந்தச் சண்டைக்கெல்லாம் மூல காரணம், ஒவ்வொரு மொழிக்கும் அதைப் பேச ஆட்கள் இருப்பதுதான் என்று சபை கண்டுபிடித்தது. யாருக்குமே தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியைப் புத்தம் புதிதாகச் செய்துவிட்டால் யாருக்கும் ரோஷம் வராது. முதலில் மலையில் போட்டுப் பார்ப்பது, விளைந்தால் கீழே இறக்குவது. உருளைக்கிழங்கு மாதிரி.

இந்த விவரம் ஒன்றும் தெரியாமல் சந்தைப்பேட்டை முக்கில் பூண்டு மண்டி வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார் ஒலியுல்லா. அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. அது கிளாவரையில் இருந்தது.

மகள் ரபியாவைக் கிளாவரையில் கடை வைத்திருந்த சம்சுல் ஆலத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். ஆடி மாத வெள்ளத்தில், அந்த ஊருக்கு முன்னால் இருக்கும் ஓடையின் மரப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ரபியாவுக்கு அப்போது நாலாம் மாதம். தலைப்பிரசவம். ஏழாம் மாதம் தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும். ஆஸ்பத்திரியும் மருத்துவச்சியும் இந்தப் பக்கம், பிள்ளைத்தாச்சி அந்தப் பக்கம், நடுவில் ஓடை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் ஓடை யாரையும் விடாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே பாலம் போனபோது, வலியோடு அந்தக் கரையிலேயே காத்துக் கிடந்த ஒரு பெண்ணைப் பற்றி மலை முழுக்கத் தெரியும். ஒலியுல்லாவின் மனைவி ஷம்ஷாத்துக்கும் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். கஞ்சி ஊற்றும்போது கேட்பாள்:

“என்னாங்க, பால சோலி என்னாச்சு?”

அந்தக் கேள்விக்குள் அந்தக் கதை முழுக்க இருந்தது.

தாலுகா ஆபீசுக்கு மனுவோடு போனார். குமாஸ்தா மனுவை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, மறுபடி நேராகத் திருப்பி, திருப்பிக் கொடுத்தார்.

“பாய், இது தமிழ்ல இருக்கு.”

“ஆமாங்க. தமிழ்லதாங்க எழுத வரும்.”

“ஆடி ஒண்ணுலேர்ந்து மலை மனுவெல்லாம் பொதுமொழியிலதான் வாங்கணும். சர்க்குலர் வந்திருக்கு. எங்களுக்கு, ஃபாரஸ்டுக்கு, போலீஸ் ஸ்டேஷனுக்கு, எல்லாத்துக்கும்.”

“அந்த மொழி முடிஞ்சிருச்சுங்களா?”

“மொழி முடியல. சர்க்குலர் முடிஞ்சிருச்சு.”

அன்றைக்கே ஒலியுல்லா ஏரிக்கரையில் நடந்து சபைக்குப் போய்ச் சேர்ந்தார். செயலாளர் ஞானவேல் கழுத்தில் மஃப்ளரோடு வாசலுக்கே ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க மிஸ்டர் ஒலியுல்லா! உங்கள மாதிரி ஒரு ஆர்டினரி மேனத்தான் நாலு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கோம். பப்ளிக்ல ஒருத்தர் கூட இந்தப் பக்கம் எட்டிப் பாக்கல.”

“நான் பாலத்துக்காக வந்தேங்க.”

“வெரி குட். பாலம் மாதிரிதானே மொழியும்!”

அன்று மாலைக்குள் ஒலியுல்லா ‘அங்கீகரிக்கப்பட்ட மாதிரிப் பேச்சாளர்’ ஆகிவிட்டார். முத்திரை குத்திய சான்றிதழ் ஒன்று கிடைத்தது. மொழியைக் கற்றுக்கொண்டு, அந்த மொழியிலேயே மனுவை எழுதிக் கொடுத்தால் பாலம் கையெழுத்தாகிவிடும் என்று சபைத் தலைவர் சுவாமிநாதன் வாக்குக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்ற நில அளவை அதிகாரி. இருபது வருஷம் மலையை அளந்து, அது உயரமானது என்று கண்டுபிடித்தவர்.

“ஐயா, எங்க சந்தைச் சுமைக்காரங்க மேஸ்திரி மயில்சாமி இருக்கான். புத்திக்காரப் பய. அவனையும் சேத்துக்கிட்டா ரெண்டு பேரும் பேசிப் பழகிக்கிருவோம்” என்றார் ஒலியுல்லா.

தலைவரின் முகம் வெளுத்தது.

“ரெண்டு பேரா? ரெண்டு பேர் பேசினால் என்ன ஆகும் தெரியுமா? அவன் ஒரு மாதிரி பேசுவான், நீர் ஒரு மாதிரி பேசுவீர். வட்டார வழக்கு வந்துவிடும். வட்டார வழக்கு வந்தால் எது சுத்தம் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் சண்டை. உலகத்தில் எல்லா மொழியும் கெட்டது இந்த ரெண்டாவது ஆளால்தான் ஐயா!”

அதே இடத்தில் தீர்மானம் எழுதப்பட்டது. பொதுமொழியைப் பேசவும் எழுதவும் ஒருவருக்கு மட்டுமே உரிமை. அந்த ஒருவர் ஒலியுல்லா.

“அப்ப நீங்க ஐயா?”

“நாங்கள் மொழியைச் செய்கிறவர்கள். சமையல்காரன் பந்தியில் உட்காரலாமா?”

மறுநாளிலிருந்து பாடம் தொடங்கியது.

முதலில் எழுத்து. எந்த மொழிக்காரனும் ‘இது என்னுடையது’ என்று சொந்தம் கொண்டாடக்கூடிய ஓசைகளையெல்லாம் உபகமிட்டி நீக்கிக்கொண்டே வந்தது. மிச்சம் நின்றது பதினொரு ஓசை. கூட்டம் நடந்தது ஆடிச் சாரலில், உறுப்பினர் அத்தனை பேருக்கும் ஜலதோஷம். ஆகவே பதினொன்றும் மூக்கால் வந்தன. ஒலியுல்லா வீட்டில் பயிற்சி செய்தபோது ஷம்ஷாத் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள்.

அடுத்து பெயர்ச்சொல். முதல் சொல்லாகத் தலைவருக்கு ஒரு சொல், இரண்டாவதாகச் செயலாளருக்கு ஒன்று. அதன்பின் கோப்பு என்பதற்கு மட்டும் முப்பத்தேழு சொல்: வந்த கோப்பு, வராத கோப்பு, மேலே போன கோப்பு, மேலே போய்க் கீழே வராத கோப்பு.

“பாலத்துக்கு என்னாங்க சொல்லு?”

ஞானவேல் ஒரு பட்டியலைப் புரட்டினார். “பாலம்... பாலம்... 1963 மார்ச்ல வருது.”

“அதுக்குள்ள பேரப்புள்ள பள்ளிக்கூடம் போயிருமேங்க.”

“பள்ளிக்கூடம் 1964.”

சந்தைக்காரருக்காகத் தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார். ‘தண்ணீர் மேல் படுத்த கட்டை’ என்று சொல்லிக்கொள்ளத் தற்காலிக அனுமதி தந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும்.

அடுத்து பால். ஆண்பால் பெண்பால் எல்லாம் பழைய மொழிகளின் மூடப் பழக்கம் என்று கமிட்டி ஒதுக்கிவிட்டது. புது மொழியில் மூன்று பால்: மேல்பால், கீழ்பால், நிலுவைப்பால். மனுப் போட்டுப் பதில் வராதவர்களெல்லாம் நிலுவைப்பால். ஒலியுல்லா தன்னைப் பற்றிச் சொல்லும்போதும் ரபியாவைப் பற்றிச் சொல்லும்போதும் அவள் வயிற்றுப் பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போதும் ஒரே விகுதிதான் போட வேண்டும்.

“குடும்பமே ஒண்ணாக் கெடக்கோம்” என்று ஒலியுல்லா ஒத்துக்கொண்டார்.

வேற்றுமை உருபுகளில் மூன்றோடு வேலை நின்றுபோனது.

“நாலாவது என்னாச்சுங்க?”

“நாலாவது கொடுக்கிறது சம்பந்தப்பட்டது” என்றார் தலைவர். “அவனுக்குக் கொடு, இவளுக்குக் கொடு. நிதி இலாகா ஒப்புதல் இல்லாமல் அதை நாம் எப்படி அங்கீகரிக்க முடியும்? எழுதிப் போட்டிருக்கிறோம்.”

ஆவணி போயிற்று. புரட்டாசியில் வினைச்சொல் வந்தது. ஒலியுல்லா தெம்பானார். கட்டு என்று ஒரு வினை கிடைத்தால் மனுவை முடித்துவிடலாம்.

“நிகழ்காலம் கிடையாது” என்று ஆரம்பித்தார் ஞானவேல். “ஒரு ஆபீஸ்ல இப்ப என்ன நடக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. டேஞ்சரஸ்.”

“சரிங்க. இனிமே நடக்குறதச் சொல்லலாமுல்ல?”

“எதிர்காலம் ஐந்தாண்டுத் திட்டத்துக்குள்ள வருது. நம்ம அதிகாரத்துல இல்ல. இறந்தகாலம் மட்டும் ஃபுல்லா சாங்ஷன் ஆயிருச்சு. அதுலயும் யாரு செஞ்சதுன்னு வரக்கூடாது. செய்யப்பட்டது, பார்க்கப்பட்டது, கவனிக்கப்பட்டது. ரொம்ப நாகரிகமா இருக்கும்.”

ஒலியுல்லா மூன்று நாள் உட்கார்ந்து யோசித்தார். ‘பாலம் கட்டித் தர வேண்டும்’ என்பதில், கட்டுவது எதிர்காலம், தருவது நாலாம் வேற்றுமை, வேண்டும் என்பது நிலுவைப்பாலார் மேல்பாலாரிடம் சொல்லக் கூடாத சொல். அதையெல்லாம் கழித்துப் பார்த்தால் புது மொழியில் எழுத முடிந்தது ஒரே ஒரு வாக்கியம். அதை மூக்கடைக்க எழுதி, தாலுகா ஆபீசில் கொடுத்தார். தண்ணீர் மேல் கட்டை படுக்க வைக்கப்பட்டது.

நாலே நாளில் பதில் வந்தது. சர்க்கார் சரித்திரத்திலேயே அவ்வளவு வேகமாக ஒரு பதில் வந்ததில்லை. ‘பாலம் கட்டப்பட்டுவிட்டதாக மனுதாரரே தெரிவித்திருப்பதால் கோப்பு முடிக்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.’

கடிதத்தை வாங்கிக்கொண்டு அவர் சபைக்கு ஓடினார். தலைவர் படித்துப் பார்த்துக் கண் கலங்கினார்.

“நம் மொழியில் முடிந்த முதல் கோப்பு! ஞானவேல், இதைச் சட்டம் போட்டு மாட்டும்.”

“ஐயா, பாலம் இல்லீங்களே!”

“பாலம் இல்லை என்று எந்த மொழியில் சொல்கிறீர்?”

“தமிழ்ல.”

“பார்த்தீரா? நம் மொழியில் அந்தக் குறை இல்லை.”

ஞாயிற்றுக்கிழமை சந்தை. ஒலியுல்லாவுக்கு மனசே சரியில்லை. மூணாற்றுப் பக்கமிருந்து வந்த மலையாள வியாபாரி பூண்டு மூட்டைக்கு விலை கேட்டான். வழக்கம்போலத் தோள் துண்டைக் கை மேல் போட்டுக்கொண்டு, துண்டுக்குள் அவன் விரல்களைப் பிடித்தார். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, அழுத்தினால் சம்மதம், உதறினால் இல்லை. ஊமை கூட இதில் வியாபாரம் செய்யலாம். அந்த மலையில் தமிழனும் மலையாளியும் கன்னடக்காரனும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள்.

கள ஆய்வுக்காகச் சந்தைக்கு வந்திருந்த தலைவர் இதைக் குனிந்து பார்த்தார்.

“துண்டுக்குள் என்ன நடக்கிறது?”

“பேச்சு நடக்குதுங்க.”

“இதற்குக் கோப்பு உண்டா?”

“இல்லீங்க.”

“அப்படியென்றால் இது பேச்சு இல்லை” என்று சொல்லிவிட்டு, ஒரு வீசை பூண்டை வாங்கிக்கொண்டு போனார்.

பக்கத்தில் நின்ற மயில்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டான். “பாய், இவுக மொழி எப்ப முடியும்?”

“ஏலே, அது முடியுறதுக்குள்ள எம் மக முடிஞ்சிருவாடா” என்றார் ஒலியுல்லா. சொன்ன பிறகு தானே பயந்துபோய், துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிளாவரையிலிருந்து ஒரு மட்டக்குதிரைக்காரன், பிள்ளைத்தாச்சியைத் தூக்கி வர முடியாத செங்குத்து மேல்காட்டு வழியாகச் சுற்றி நடந்து வந்து செய்தி சொன்னான். ரபியாவுக்குக் காலெல்லாம் வீங்கியிருக்கிறதாம். வெள்ளனே எழுந்திருக்கவே முடியவில்லையாம். அன்றைக்குக் கஞ்சி ஊற்றும்போது ஷம்ஷாத் பாலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அதுதான் ஒலியுல்லாவை உலுக்கியது.

ஐப்பசி முதல் வாரம் பொதுமொழிப் பிரகடன விழா. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். அவருக்காகப் பங்களா வாசலில் ஒரு பிரமாண்ட வரவேற்பு வளைவு எழுந்தது. நல்ல முற்றிய தைல மரக் கட்டைகள், இருபதடிக்குக் குறையாது. வேலைக்காரர்கள் அதில் பச்சை இலை சுற்றி, பொதுமொழியில் ‘வரவேற்கப்பட்டது’ என்று எழுதிய பலகையைக் கட்டினார்கள்.

விழாவுக்கு ஒரு விசேஷ விதி போட்டிருந்தார்கள். பங்களா வளாகத்துக்குள் அன்று பொதுமொழியைத் தவிர வேறு மொழி பேசக் கூடாது. பொதுமொழி பேச ஒலியுல்லாவைத் தவிர வேறு யாருக்கும் உரிமை இல்லை. ஆகவே வளாகத்துக்குள் ஒலியுல்லாவைத் தவிர வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. இதை வாசலில் போர்டாக எழுதி வைத்திருந்தார்கள். எந்த மொழியிலும் எழுத முடியாததால் உதட்டின் மேல் விரல் வைத்த ஒரு முகத்தை வரைந்திருந்தார்கள்.

இருநூறு பேர் கூடினார்கள். ஒரு சத்தம் இல்லை. மேளக்காரர் கூட மேளத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். மேடை, வளைவுக்கு உட்புறமாகப் போடப்பட்டிருந்தது. ஒலியுல்லா மேடை ஏறி, பெரிய அதிகாரிக்கு முன்னால் நின்று, தான் மூன்று மாதம் கற்ற மொழியில் ஒரே வாக்கியத்தை மூக்கால் சொன்னார். தண்ணீர் மேல் கட்டை படுக்க வைக்கப்பட்டது. கைதட்டல் வானைப் பிளந்தது. கைதட்டலுக்குத் தடையில்லை.

பெரிய அதிகாரி பேச எழுந்தார். விதி நினைவு வந்தது. மேடையை விட்டு இறங்கி, வளைவைத் தாண்டி, நடுரோட்டில் போய் நின்றுகொண்டு, உள்ளே பார்த்துப் பேசினார்.

“இந்த நாட்டில் மொழி விஷயமாக இவ்வளவு அமைதியை நான் பார்த்ததேயில்லை!”

அவருக்குப் பின் தலைவரும் ரோட்டுக்குப் போனார். ஒரு கட்டைவண்டி மணியடித்துக்கொண்டு வந்தது; அதற்கு ஒதுங்கி நின்றுவிட்டுத் தொடர்ந்தார்.

“இந்த மொழியில் இதுவரை ஒரு பொய் சொல்லப்படவில்லை. ஒரு வசவு இல்லை. ஒரு வழக்கு இல்லை. ஒரே ஒரு ஆள் பேசும்போதே இவ்வளவு தூய்மை! அந்த ஒரு ஆளையும் குறைத்துவிட்டால், உலகத்திலேயே குற்றமற்ற மொழி நம்முடையதாக இருக்கும். அதற்கான திட்டம் தயாராகி வருகிறது.”

ஒலியுல்லா இதைக் கேட்கவில்லை. மேடையில் நின்றிருந்த அவர் கண்கள் வளைவின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. முன்பக்கம்தான் இலை சுற்றியிருந்தார்கள். பின்பக்கம், கட்டைகளின் மேல், ஃபாரஸ்டுக்காரர்கள் வெட்டும்போது போடும் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

கிளாவரைப் பாலம் – 1. கிளாவரைப் பாலம் – 2.

ஏழு வரைக்கும் எண்ணினார். ஏழு கட்டை. பக்கத்தில் போட்டிருந்த தேதிப்படி ஆடியிலேயே வெட்டியிருக்கிறார்கள். மனு சரியான மொழியில் வராததால் கிடங்கில் கிடந்து, வளைவுக்கு இரவல் வந்திருக்கிறது. மூன்று மாதமாக அவர் மூக்கால் கேட்டுக்கொண்டிருந்த பாலம், தலைக்கு மேல் நின்று பெரிய அதிகாரியை வரவேற்றுக்கொண்டிருந்தது.

காதுக்குள் ‘ஙொய்’ என்றது. கத்த வேண்டும் போலிருந்தது. வளாகத்துக்குள் அவர் ஒருவர்தான் கத்தலாம். ஆனால் அதற்கு அவருக்கு மொழியில்லை.

மேடையோரத்தில் மயில்சாமி, நாற்காலி தூக்கக் கூட்டி வந்த சுமைக்காரர்களோடு நின்றிருந்தான். ஒலியுல்லா இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றார். தோள் துண்டை எடுத்துக் கை மேல் போட்டார். துண்டுக்குள் அவன் விரல்களைப் பிடித்தார்.

மயில்சாமி திகைத்துப் பார்த்தான். இங்கே எந்த மூட்டைக்கு விலை?

ஐந்து விரலையும் சேர்த்து ஒரு பிடி. அப்புறம் இரண்டு விரல். ஏழு. தாடையால் வளைவைக் காட்டினார். மயில்சாமி ஒரு எட்டு நகர்ந்து வளைவின் முதுகைப் படித்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. இந்தத் தரம் அவனே துண்டுக்குள் கையை விட்டான். ஐந்து, ஐந்து, இரண்டு. பன்னிரண்டு ஆள். ஒலியுல்லா அழுத்தினார். மயில்சாமி ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தல் பக்கம் கண்ணைக் காட்டினான். ஒரு மணி. பந்தி. ஒலியுல்லா இன்னொரு தரம் அழுத்தினார். பக்கத்தில் நின்ற ஞானவேல் பூண்டு வியாபாரம் என்று நினைத்துக்கொண்டு முகம் சுளித்தார்.

ஒரு மணிக்கு எல்லோரும் பின்புறப் புல்வெளியில் பிரியாணிக்கு உட்கார்ந்தார்கள். வாசலில் பன்னிரண்டு சுமைக்காரர்கள் வளைவின் கயிற்றை அவிழ்த்தார்கள். காவற்காரர் பார்த்தார். வாயைத் திறந்தார். உதட்டின் மேல் விரல் வைத்த முகம் போர்டிலிருந்து அவரையே பார்த்தது. வாயை மூடிக்கொண்டார். இரண்டு உறுப்பினர்கள் கை கழுவ வந்தபோது ஐந்தாவது கட்டை தோளேறிக்கொண்டிருந்தது. ஒருவர் மற்றவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மற்றவர், நிகழ்ச்சி நிரலில் இருக்கும் என்பது போலத் தலையை ஆட்டினார். ‘வரவேற்கப்பட்டது’ பலகையை மயில்சாமி மரியாதையாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான்.

பூம்பாறை வரைக்கும் உருளைக்கிழங்கு லாரி. அங்கிருந்து தோளும் மட்டக்குதிரையும். மூன்றாம் நாள் மத்தியானம் ஏழு கட்டையும் ஓடை மேல் படுத்துவிட்டன. நாலாம் நாள் வெள்ளனே, கிளாவரைக்காரர்கள் நாலு பேர் டோலியில் ரபியாவைத் தூக்கிக்கொண்டு அதன் மேல் நடந்தார்கள். ஒலியுல்லா டோலிக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார், மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

“அத்தா, விழுந்துறாதீங்க” என்றாள் ரபியா. “என்னைத் தூக்க ஆள் இருக்கு. உங்களத் தூக்க இல்ல.”

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. பதினோரு நாள் விடவில்லை.

மழையில் குடை பிடித்துக்கொண்டு தலைவரும் செயலாளரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஏட்டு பழனிச்சாமி எழுந்து நின்று சலாம் வைத்தார்.

“திருட்டு! சர்க்கார் வளைவையே திருடிவிட்டான். புகார் எழுதிக்கொள்ளும்.”

“எழுதிருவோங்க ஐயா. எந்த மொழியிலங்க?”

தலைவர் முறைத்தார்.

“கோவிச்சுக்கிறாதீங்க. உங்க சர்க்குலர்தாங்க. மலையிலேர்ந்து வர்ற புகாரெல்லாம் பொதுமொழியில இருக்கணும். அங்கீகரிக்கப்பட்ட பேச்சாளர் கையெழுத்து இருக்கணும்.”

“அந்தப் பேச்சாளர்தானய்யா திருடன்!”

“அது எனக்குத் தெரியாதுங்க. புகார் படிச்சாத்தான் தெரியும்.”

அரைமணி நேரத்தில் இருவரும் பூண்டு மண்டியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒலியுல்லா மூட்டையைத் தட்டி இடம் பண்ணிக் கொடுத்து, டீ வரவழைத்து, பேனாவில் மை நிரப்பினார்.

“சொல்லுங்க ஐயா. குற்றவாளி யாரு?”

“நீர்தான்” என்றார் தலைவர், டீயைக் குடித்துக்கொண்டே.

“நான் நிலுவைப்பால்ல வருவனா, இல்ல மனு முடிஞ்சதால கீழ்பாலா?”

ஞானவேல் குறிப்பேட்டைப் புரட்டினார். “கீழ்பால்.”

“அப்பாடா” என்றார் ஒலியுல்லா. ஒளிக்காமல் முழுப் புகாரையும் எழுதினார். பேச்சாளர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து, குற்றவாளி என்ற இடத்தில் ஒரு கையெழுத்து. இரண்டாவதைக் கொஞ்சம் பணிவாகப் போட்டார்.

விசாரணையும் சர்க்குலர்படி பொதுமொழியில்தான் நடக்க வேண்டும். ஸ்டேஷனில் இரண்டு ஸ்டூல் போட்டார்கள். ஒலியுல்லா வலது ஸ்டூலில் உட்கார்ந்து அதட்டலாக ஒரு கேள்வி கேட்டார். எழுந்து போய் இடது ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்து பதில் சொன்னார். மூக்கால் அரைமணி நேரம் போயிற்று. ஒரு கட்டத்தில் வலது ஸ்டூல்காரர் மேஜையைத் தட்ட, இடது ஸ்டூல்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

“என்னாங்க பாய் சொல்றாரு அவரு?” என்று கேட்டார் ஏட்டு.

“யாரு?”

“அவருதாங்க... நீங்கதான்.”

“கட்டை மேல பேரு எழுதிருந்துச்சாம். பேரு போட்ட எடத்துக்கே கொண்டு போய்ச் சேத்தேங்கிறாரு.”

“நீங்க என்ன கேட்டீங்க?”

“வளைவு இல்லாம பெரிய அதிகாரி எப்படிடா வெளிய போனாருன்னு கேட்டேன்.”

ஏட்டு பேனாவைக் கடித்தபடி யோசித்தார். “சரியான கேள்விதாங்க.”

விசாரணை மூன்றாவது அமர்வுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருந்தபோது சென்னையிலிருந்து கடிதம் வந்தது. பெரிய அதிகாரி தன் அறிக்கையில், மாதிரிப் பேச்சாளர் சொன்ன வாக்கியத்தை மொழிபெயர்க்கச் சொல்லி வாங்கிச் சேர்த்திருந்தார். பாலம் கட்டப்பட்டது! விசாரித்ததில் கிளாவரையில் உண்மையிலேயே புதுப் பாலம் நிற்பதாக வனத்துறை உறுதி செய்ததாம். ‘ஒரு மொழி, தான் சொன்னதைச் செய்து காட்டியிருப்பது இந்தியாவிலேயே இதுதான் முதல் முறை. சபையின் ஆயுள் மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கப்படுகிறது.’

தலைவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மூன்றாம் தரம் படிக்கும்போது, பாலத்தைத் தான்தான் கட்டினோம் என்பது அவருக்கே நினைவுக்கு வந்துவிட்டது. புகார், மேலே போய்க் கீழே வராத கோப்புகளில் சேர்ந்தது. கல்வெட்டுக்கு ஆர்டர் போயிற்று.

கார்த்திகைக் கடைசியில் பாலத்துத் தலைமாட்டில் ஒரு கருங்கல் நட்டார்கள். அதில் பொதுமொழியில் பதினேழு வரி. எழுதிக் கொடுத்தது ஒலியுல்லாதான், வேறு ஆளில்லையே. போகிற வருகிற ஜனங்கள் கல் முன்னால் நின்று பார்ப்பார்கள். ஒலியுல்லா அந்தப் பக்கம் போனால் பிடித்துக்கொள்வார்கள். உருளைக்கிழங்கு மூட்டையோடு வருகிறவனுக்கு, “பாரத்த ரெண்டாப் பிரிச்சுக் கொண்டு போன்னு எழுதிருக்கு” என்பார். சந்தைக்குப் போகிற பெண்களுக்கு, “வெரசாப் போங்க, மழ வருதுன்னு எழுதிருக்கு” என்பார். ஒரு தரம் மயில்சாமி கேட்டபோது, “நீதான்டா கட்டுனேன்னு எழுதிருக்கு” என்றார். அவன் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு நம்பாமல் போனான்.

தையில் ரபியாவுக்குப் பெண் பிறந்தது. நாற்பது நாள் கழிந்து, நல்ல வெயிலாக இருந்தபோது, பிள்ளையோடு புருஷன் வீட்டுக்குப் புறப்பட்டாள். ஒலியுல்லாவும் துணைக்குப் போனார். ஓடைக்கரை வந்ததும் ரபியா கல் முன்னால் நின்றாள்.

பதினேழு வரியில் முதல் நாலு வரி தலைவர் பெயர், அடுத்த நாலு அவர் பட்டங்கள், பிறகு செயலாளர், உபகமிட்டிகள், சென்னை அதிகாரி. பாலம் என்ற சொல் அதில் எங்கும் இல்லை. அது 1963-ல்தான் வருகிறது.

“அத்தா, இவ்வளவு நீளமா என்னத்தத்தான் எழுதி வச்சிருக்கு?”

ஒலியுல்லா கல்லைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கீழே ஓடையில் தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு போனது.

“கட்டை வழுக்கும், புள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்கன்னு எழுதிருக்கும்மா” என்றார்.

ரபியா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தாள்.